காலியாகத் திரும்பிய கோப்பை

மஸ்கட்டுக்குத் தெற்கே, பாலைவனத்தை ஒட்டிய இப்ரா ஊரின் புதன்கிழமைச் சந்தைக்குள் ஆண்கள் போக முடியாது. விற்பவரும் பெண்கள், வாங்குபவரும் பெண்கள். ஆகவே ஸுவைனா அக்காவின் வியாபாரத்தை இத்தனை வருடமும் நான் மூக்கால்தான் அறிந்திருக்கிறேன்.

அவர் தம்பி ஸஹ்ரானின் தண்ணீர் லாரி நிற்கும் கொட்டகையின் மாடியில் எனக்கு அறை. கீழே முற்றம். செவ்வாய்க்கிழமை மாலையானால் அக்கா பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். மலையில் பறித்த ஸாத்தர் தழை, காய்ந்து கருத்த எலுமிச்சை, பச்சைமலை ரோஜா இதழ், சுக்கு, ஏலம், கிராம்பு எல்லாவற்றையும் தேயிலையோடு கலந்து சிறு சிறு துணி முடிச்சுகளாகக் கட்டுவார். வாசனை படியேறி என் அறைக்கு வரும். தலைவலிக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று, மாமியார் வந்து தங்கும் நாளுக்கு ஒன்று. மாமியார் முடிச்சில் என்ன விசேஷம் என்று ஒருமுறை கேட்டேன்.

"சீக்கிரம் தூக்கம் வரும். யாருக்குன்னு மட்டும் கேக்காதே" என்றார்.

அவர் கணவர் எல்லைக் காவலில் வண்டி ஓட்டியவர். மழை பெய்த ஒரு நாளில், வறண்ட ஆற்றுப்படுகையைக் கடக்கும்போது திடீரென்று வந்த வெள்ளம் வண்டியோடு அவரைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கவேண்டிய மாதங்களில், கை சும்மா இருக்கமுடியாமல் தழைகளைக் காயவைத்துக் கலக்க ஆரம்பித்தார். அந்த மாதங்கள் முடிந்தபோது தம்பி வீட்டில் ஓர் அறையும், சந்தையில் ஓர் இடமும் அவருக்கு இருந்தன. அதற்குப் பிறகு அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்றுதான் ஊரே நினைத்தது. தம்பியும் அப்படித்தான் நினைத்தார்.

ஸஹ்ரானுக்கு அக்காவின் தேநீர் ஆகாது. வெறும் தேயிலை, சர்க்கரை, போதும் என்பவர். ஆனால் அதை அக்காவிடம் சொல்லமாட்டார். குடித்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு பெருநாளைக்கு அக்கா லவங்கப்பட்டையும் மிளகும் போட்டுத் தேநீர் காய்ச்சினார். வீட்டுக்கு வந்து குடித்துவிட்டுப் போன இமாம் பிற்பகல் தொழுகை முழுக்க இருமினார். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அக்காவும் கூடவே சிரித்தார். அன்று மாலை லாரியின் பின்சக்கரத்துக்கு அருகே அவர் தனியாக உட்கார்ந்திருந்ததை ஸஹ்ரான் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து, அக்காவின் தேநீரை யாரும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது அவருக்குள் ஒரு சட்டம் ஆகிவிட்டது. "மிச்சத்தைக் கீழ ஊத்துறதுக்கு முன்னாடியே எனக்குக் கண்ணைக் காட்டு, நான் பாத்துக்கறேன்" என்று என்னிடமே சொல்லிவைத்திருந்தார். என் கோப்பையில் நான் மிச்சம் வைத்ததில்லை. உண்மையாகவே எனக்கு அது பிடிக்கும். அதை அவர் நம்பியதில்லை.

அந்தத் தேநீர் பிடித்துப்போன இன்னொருவர் இருந்தார். மணற்பகுதியின் விளிம்பில் ஒட்டகங்களோடு இருந்த ஹுமைத். மனைவி இறந்து பல வருடம் ஆனவர். ஸஹ்ரான் வாலிபத்திலிருந்தே அவர் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொட்டியவர்; சக்கரம் மணலில் புதையும்போதெல்லாம் ஹுமைத்தின் ஆட்கள்தான் தோண்டி எடுப்பார்கள். அப்படி ஒரு சிநேகம். ஆனால் ஹுமைத் வாராவாரம் அக்காவின் முடிச்சு ஒன்றை வாங்கிக் குடிக்கிறார் என்பது ஸஹ்ரானுக்குத் தெரியாது. அது ஹுமைத்தின் தங்கை ஷம்ஸா வழியாக நடந்தது. நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை விறைப்பான முகத்திரை அணிந்த ஷம்ஸா, சந்தையில் அக்காவுக்குப் பக்கத்தில் ஒட்டகக் கயிறு விற்பவர்.

அந்தப் பேச்சை அக்கா பிற்பாடு எங்களுக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"உங்கண்ணன் என்ன சொன்னார்?"

"கிராம்பு ஜாஸ்தியாம். பல்வலிக்காரனுக்குக் கட்டினதை மாத்திக் குடுத்துட்டாளான்னு கேக்கச் சொன்னான்."

"அவருக்குப் பல்லு இருக்கா?"

"முன்னாடி நாலு இருக்கு. உன் டீயைக் குடிச்சுக் குடிச்சு அதுவும் மஞ்சளாப் போச்சு."

அடுத்த வாரம் அக்கா கிராம்பைக் குறைப்பார். அதற்கு அடுத்த வாரம் பதில் வரும்: "இப்ப சரி. ஆனா ரோஜா தூக்கலா இருக்கு. டீ குடிக்கறேனா, கல்யாண வீட்டுல உக்காந்திருக்கேனான்னு தெரியலையாம்." இப்படியே போய்க்கொண்டிருந்தது, வருடக்கணக்காக. இருவரும் ஒருவரோடொருவர் நேரில் நாலு வார்த்தை பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்.

அந்த நவம்பரில், தேசிய தினத்துக்கு முந்தின புதன்கிழமை, ஷம்ஸா கயிறுகளை ஒதுக்கிவிட்டு அக்காவின் பாயிலேயே வந்து உட்கார்ந்தார்.

"லீவு அன்னைக்கு அண்ணன் உங்க வீட்டுக்கு வருவான். எதுக்குன்னு உனக்குத் தெரியும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடு, நான் தடுத்துடறேன்."

அக்கா ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். "என்னைக் கேட்டா? என் தம்பியைக் கேக்கச் சொல்லு."

"அப்போ சம்மதம்."

"தம்பியைக் கேக்கச் சொல்லுன்னுதான் சொன்னேன்."

"அதைத்தான்டி சம்மதம்னு சொல்றாங்க."

பெண் கேட்க வருகிறவர் தானாக வாயைத் திறந்து கேட்பதில்லை, அங்கே. வீட்டுக்காரர் காப்பியை ஊற்றித் தருவார். வந்தவர் அதைக் குடிக்காமல் தன் முன்னே தரையில் வைத்துவிடுவார். 'உங்கள் தேவை என்ன?' என்று வீட்டுக்காரர் கேட்கவேண்டும். சொன்னதும், 'குடியுங்கள்' என்றால் சம்மதம். கேட்காமலே கோப்பையை எடுத்துவிட்டால் இல்லை என்று பொருள். இல்லை என்ற சொல்லை யாரும் சொல்லவும் வேண்டாம், யாரும் கேட்கவும் வேண்டாம். மானம் இரண்டு பக்கமும் பத்திரமாக இருக்கும்.

"எங்க வீட்டுல இப்ப காப்பி இல்லையேடி" என்றார் அக்கா. "தம்பிக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு டாக்டர் நிறுத்திட்டார். தூளையே வீட்டுல வைக்கறதில்ல."

"டீயை வை. கோப்பைதானே பேசுது."

அக்காவுக்கும் அது சரியென்றே பட்டது. தன்னை ஒருவர் கேட்க வருகிறார் என்று ஒரு பெண் தன் தம்பியிடம் எப்படிச் சொல்வது? அதுவும் அந்த வயதில்? தம்பிக்குத் தெரியும் என்று நினைத்தார். ஆண்களுக்குள் ஏதாவது பேசி வைத்திருப்பார்கள் என்று நினைத்தார்.

தேசிய தினத்துக்கென்று அக்காவிடம் ஒரு கெண்டி உண்டு. மஸ்கட்டிலிருந்து வாங்கிவந்தது. கோட்டை வடிவம்; மூடிதான் காவல் கோபுரம், ஊற்றும் மூக்கு பீரங்கி. வெள்ளை, சிவப்பு, பச்சைக் கோடுகள். வயிற்றில் குறுக்கே வைத்த இரண்டு வாள்களும் வளைந்த குத்துவாளும். ஆண்டுக்கு ஒரே நாள்தான் அலமாரியிலிருந்து இறங்கும். அன்று காலை ஸஹ்ரான் தண்ணீர் லாரியைக் கொடிகளால் சுற்றி, விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா கெண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"போர்த்துகீசியன் திரும்பி வந்தா கவலையில்ல" என்று லாரியின் மேலிருந்து கத்தினார் ஸஹ்ரான். "அக்கா ஒரு குண்டு போட்டா போதும், இமாம் மாதிரி இருமிக்கிட்டே ஓடிடுவான்."

"கீழ விழுந்து தொலைக்காதே. இன்னைக்கு வீட்டுக்கு ஆள் வருது."

"யாரு?"

"லீவு நாள்ல யாராவது வரமாட்டாங்களா?"

அன்றைய கலவை எல்லாம் ஹுமைத்தின் வார்த்தைகளால் ஆனது. கிராம்பு குறைவு. ரோஜா, கல்யாண வீடு என்று சொல்லமுடியாத அளவு. குங்குமப்பூ மட்டும் புதிதாக, அக்காவே அன்றைக்கென்று சேர்த்தது.

ஸஹ்ரானின் மனைவி பிள்ளைகளோடு ஊர்வலம் பார்க்கப் போயிருந்தார். ஹுமைத் வந்தபோது வரவேற்பறையில் ஸஹ்ரானும் நானும்தான். புதுத் தலைப்பாகை, சாம்பிராணிப் புகை ஏறிய வெள்ளை அங்கி, கையில் மெல்லிய பிரம்பு. அவர் சாதாரணமாக அப்படி வருகிறவரல்ல. நான் எழுந்து போவதா, இருப்பதா என்று தவித்தேன். வீட்டுக்காரர் விருந்தில் குடியிருப்பவன் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பது எனக்கு இன்றும் பிடிபடாத விஷயம். "உக்காருப்பா" என்றார் ஸஹ்ரான். உட்கார்ந்தேன்.

அக்கா தட்டைக் கதவருகே வைத்துவிட்டு உள்ளே போனார். ஸஹ்ரான் பீரங்கி வாயால் மூன்று கோப்பைகளிலும் ஊற்றினார். அறை முழுக்க மணத்தது. நான் குடித்தேன். அவ்வளவு நல்ல தேநீரை அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை. ஸஹ்ரான் தன்னுடையதை விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார். ஹுமைத் தன் கோப்பையைக் கையில் வாங்கி, ஒருகணம் முகர்ந்தார். பிறகு தனக்கு முன்னே கம்பளத்தில் வைத்தார்.

தொலைக்காட்சியில் ஒட்டகங்களின் மேல் உட்கார்ந்து வாத்தியம் ஊதிக்கொண்டு போனார்கள்.

"பாரண்ணே, உன் ஒட்டகம் சும்மா தின்னுட்டு நிக்குது. அது பேண்டு வாசிக்குது."

"ம்."

"டயரு விலை ஏறிடுச்சு தெரியுமா? உன் தொட்டிக்கு வர்ற வழியில ரெண்டு போச்சு."

"ம்."

ஹுமைத்தின் கண் கோப்பையிலேயே இருந்தது. பிரம்பை முழங்காலின் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். ஸஹ்ரான் கோப்பையைப் பார்த்தார், ஹுமைத்தைப் பார்த்தார், அடுக்களைக் கதவைப் பார்த்தார். அவர் மனம் எங்கே போனது என்று எனக்கே தெரிந்தது: இமாம், இருமல், லாரிச் சக்கரத்துக்கு அருகே தனியாக உட்கார்ந்திருந்த அக்கா. வழக்கம் காப்பிக்கு உரியது. காப்பி வீட்டைவிட்டுப் போனபோது, கோப்பையைத் தரையில் வைத்தால் என்ன பொருள் என்பதும் அவர் நினைப்பிலிருந்து போயிருந்தது.

அவர் முன்னால் குனிந்து, ஒரு கண்ணைச் சிமிட்டி, "எனக்குப் புரியுதுண்ணே, கஷ்டப்படாதே" என்று மெல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஹுமைத்தின் கோப்பையை எடுத்து, ஒரே மடக்கில் குடித்து, காலிக் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

ஹுமைத் சிறிது நேரம் கோப்பை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். அல்வாத் தட்டு இன்னும் வந்திருக்கவில்லை, விருந்தாளிக்கு விடைகொடுக்கும் பன்னீர் தெளிக்கவில்லை. "நேரமாச்சு, தம்பி. உன் வீடு நல்லா இருக்கட்டும்" என்றார். செருப்பை மாட்டும்போது ஒரு தடவை தடுமாறினார். நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொள்ளவில்லை.

"வயித்துக்கு ஏதோ சரியில்ல போல" என்றார் ஸஹ்ரான். தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அக்கா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"மூணும் காலியா?"

"ஒரு சொட்டு மிச்சமில்லக்கா."

"அவரும் குடிச்சாரா?"

"குடிச்சாரே! நல்லா இருக்குன்னார்."

அக்கா முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார். தேநீரைப் பாராட்டியதற்கு இவ்வளவு வெட்கமா என்று ஸஹ்ரானுக்கு ஆச்சரியம். சின்னப் பொய், எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அன்று மாலை என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

குடித்தார் என்றால் சம்மதம். அக்கா அப்படித்தான் அறிந்திருந்தார். அடுத்த புதன்கிழமை புதுத் துணியில் முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். ஷம்ஸாவின் இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஸஹ்ரான் தண்ணீர் கொண்டுபோகத் தொலைபேசியில் அழைத்தபோது, வேறு லாரிக்குச் சொல்லியாகிவிட்டது என்று ஹுமைத்தின் மகன் சொன்னான்.

"ஒரு டீக்காகவா?" என்று ஸஹ்ரான் என்னிடம் புலம்பினார். "இத்தனை வருஷப் பழக்கம். ஒரு டீ பிடிக்கலைன்னா வீட்டையேவா மறந்துடுவான்?" அக்காவின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பேசவேண்டியது தம்பிதானே. தம்பியோ பேசாமல் இருக்கிறான். சொல்லக் கூசுகிற ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். குளிர்காலம் முடிவதற்குள் ஹுமைத்தும் ஷம்ஸாவும் கடலோரம் மஹூத்துக்கு, மகன் வேலை பார்க்கும் ஊருக்கே போய்விட்டதாகச் சந்தையில் யாரோ சொன்னார்கள். கோடையில் இன்னொரு செய்தி: ஹுமைத் அங்கே உறவுக்காரப் பெண் ஒருவரை மணம் முடித்துக்கொண்டார். அன்று அக்கா முற்றத்தில் ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தார். படியில் இறங்கிவந்த என்னைப் பார்த்து, "ஆம்பளைங்க குடிச்சதை எவ்வளவு சீக்கிரம் மறந்துடறாங்க, பாத்தியா?" என்றார். எதைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. மழுப்பலாகத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் கட்டிய முடிச்சுகளில் கிராம்பு மறுபடி ஏறிவிட்டது.

மறுவருடம் தேசிய தினம் வந்தது. லாரி மறுபடி கொடிகளைச் சுற்றிக்கொண்டது. கெண்டியை எடுப்பதா வேண்டாமா என்று அக்கா அலமாரியின் முன் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்துத்தான் ஸஹ்ரான் சொன்னார்:

"எடுக்கா, எடு. ஆனா குங்குமப்பூ கிங்குமப்பூ எல்லாம் வேண்டாம். போன வருஷம் நீ வருத்தப்படுவியேன்னு ஹுமைத் கோப்பையையும் சேத்து நான்தானே குடிச்சேன்!"

அக்கா திரும்பினார்.

"யார் கோப்பையை?"

"ஹுமைத்துது. தொடவே இல்லையே மனுஷன். கீழ வச்சுட்டு முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தான்."

"கீழ வச்சாரா?"

"ஆமா."

"நீ கேக்கலையா?"

"என்னத்தைக் கேக்கறது?"

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். ஸஹ்ரானுக்கு அந்தப் பார்வையில்தான் உறைத்தது. காப்பிக் கோப்பை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் விஷயம். கையிலிருந்த விளக்குச் சரம் நழுவித் தரையில் விழுந்தது.

"அக்கா... அவன்... உன்னையா?"

"ஒரு வருஷமா அந்த மனுஷனை நான் திட்டாத நாளில்ல" என்றார் அக்கா. "குடிச்சுட்டு ஏமாத்திட்டான்னு நினைச்சேன். தொழுதுட்டுக் கையேந்தறப்பகூட அவர் பேரை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாருக்கும் கேட்டேன்."

ஸஹ்ரான் சாவியைத் தேட ஆரம்பித்தார். கொடி சுற்றிய லாரியிலேயே ஏறப்போனார். அக்கா படியில் நின்றபடி, "எங்கடா போற? அவர் வீட்டுல இப்ப இன்னொருத்தி டீ போடறா" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஸஹ்ரான் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இறங்கி, நாள் முழுக்கக் கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவிழ்த்ததும் திரும்பக் கட்டினார். என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கெண்டி அன்று அலமாரியை விட்டு இறங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஸஹ்ரான் மஹூத்துக்குப் போனார். அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை, டயர் வாங்க சூர் வரை போகிறேன் என்றார். திரும்பி வந்த மாலையில் முற்றத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். அக்கா ஸாத்தர் தழையை உதிர்த்துக்கொண்டிருந்தார். ஸஹ்ரான் தண்ணீர் குடித்தார், முகத்தைத் துடைத்தார், பிறகு யாரையும் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தார்.

"ஹுமைத் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி குடுத்தான். நான் குடிக்கலை. கீழ வச்சேன்."

அக்காவின் விரல்கள் நின்றன.

"என்ன தேவைன்னு கேட்டான். மன்னிக்கணும்னேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அப்புறம், 'குடி தம்பி'ன்னான். குடிச்சேன்."

"டாக்டர் குடிக்கக் கூடாதுன்னாரே."

"குடிச்சேன்க்கா."

முற்றத்தில் இருட்ட ஆரம்பித்திருந்தது. ஸஹ்ரான் மேலே சொன்னார்.

"வழியனுப்ப வண்டி வரைக்கும் வந்தான். வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டான். அன்னைக்கு அந்த டீ எப்படி இருந்துச்சுன்னு கேட்டான். மூக்குல வச்சுப் பாத்ததோட சரியாம். கிராம்பு குறைச்சு, புதுசா என்னமோ சேத்திருந்தா போல, வாசனை வந்துச்சு, அது எப்படி இருந்துச்சுன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"தெரியலைன்னேன்."

"நீதானேடா குடிச்சே?"

"ஒரே மடக்குல குடிச்சேன்க்கா" என்றார் ஸஹ்ரான். "ருசி பாக்கலை."

அக்கா என் பக்கம் திரும்பினார். அன்று அதே கெண்டியிலிருந்து குடித்த மூன்றாவது ஆள் நான். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு மிடறும் நினைவிருந்தது. ஆனால் அவர் கேட்கவில்லை. மறுபடி குனிந்து, மடியில் கிடந்த தழையிலிருந்து குச்சிகளைப் பொறுக்கி எறிய ஆரம்பித்தார். மறுநாள் புதன்கிழமை, சந்தை நாள்.